புல்லுக்குக் கீழே இருக்கும் காடு

அர்ஜென்டினாவின் மலைப் புல்வெளி ஒன்றில், ஒரே ஒரு சதுர மீட்டர் இடத்துக்குள் 89 வகைத் தாவரங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. ருமேனியாவின் புல்வெளி ஒன்றில் பத்துச் சதுர மீட்டருக்குள் 98 வகை. உலகில் பதிவான தாவரச் செழுமைக் கணக்குகளையெல்லாம் திரட்டி 2012-இல் ஓர் ஆய்வுக்குழு பட்டியல் போட்டது. அதில் ஐம்பது சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்ன இடங்களில் முதலிடம் பிடித்தவை எல்லாம் புல்வெளிகள்; அதுவும் மேய்ச்சலோ புல் அறுப்போ விடாமல் நடந்துவரும் புல்வெளிகள். நூறு சதுர மீட்டரை எட்டும்போதுதான் மழைக்காடுகள் முந்துகின்றன. ஈக்குவடாரின் மழைக்காட்டில் ஒரு ஹெக்டேரில் 942 வகை.

இந்த வரிசை பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இயற்கை வளம் என்றதும் நம் மனதில் வருவது உயரமான, அடர்ந்த, நிழல் கவிந்த காடு. வெயில் அடிக்கும் வெட்டவெளியைப் பார்த்தால் இங்கே ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். இங்கே ஒரு காலத்தில் காடு இருந்திருக்கும், யாரோ அழித்துவிட்டார்கள் என்றுகூடத் தோன்றும். சவன்னாவையும் புல்வெளியையும் ஆராய்பவர்கள் கடந்த சில பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலையில் பெரும்பகுதி இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான். மிகப் பரந்த நிலப்பரப்புகளில் அது தவறு என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதே எண்ணத்தை நம்பித்தான் இன்றும் கோடிக்கணக்கில் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. எனவே இது ஆய்வேடுகளுக்குள் நின்றுவிடும் விவாதம் இல்லை.

சவன்னா என்றால் மரமே இல்லாத இடம் என்று நினைக்க வேண்டாம். மரங்கள் இருக்கும். ஆனால் அவற்றின் தலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது. வெயில் தரைவரை இறங்கும், தரையில் புல் தொடர்ச்சியாகப் படர்ந்திருக்கும். பூமியின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்டது.

அழிந்த காடு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916-இல் முன்வைத்த கோட்பாடு அதில் முக்கியமானது. ஒரு நிலத்தைத் தொந்தரவு செய்யாமல் விட்டால், அங்குள்ள தாவரக் கூட்டம் படிப்படியாக மாறி, அந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற இறுதி நிலையை அடையும் என்றார் அவர். மழை தாராளமாகப் பெய்யும் இடத்தில் அந்த இறுதி நிலை காடு. அப்படியானால் அங்கே புல் இருப்பது, பாதியில் நின்றுபோன வளர்ச்சி அல்லது மனிதன் செய்த சேதம். மரத்தை வருமானமாகப் பார்த்த காலனி ஆட்சிகளின் வனத்துறைகளுக்கும் இந்தப் பார்வை வசதியாக இருந்தது. ஆசியாவில் புல் நிறைந்த மரவெளிகள் இலையுதிர் காடு என்றும் புதர்க்காடு என்றும் பெயர் பெற்றதற்கு இதுவே பின்னணி என்பதைச் சூழலியலாளர்கள் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலானோர் 2011-லும் 2016-லும் எழுதிய கட்டுரைகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். பெயர் காடு என்று ஆனதும், மரம் குறைவாக இருப்பது ஒரு குறையாகிவிட்டது.

இந்தப் பார்வையை எதிர்த்து நீண்ட காலம் உழைத்தவர் தென்னாப்பிரிக்கச் சூழலியலாளர் வில்லியம் பாண்ட். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், இயன் உட்வர்ட், கை மிட்ஜ்லி ஆகியோருடன் சேர்ந்து 2005-இல் ஒரு கணினி மாதிரியை ஓட்டிப் பார்த்தார். கேள்வி எளிமையானது: உலகத்தில் தீயே இல்லை என்று வைத்துக்கொண்டால், இன்றைய தட்பவெப்பத்தில் எங்கெல்லாம் காடு வளரும்? தாவரங்கள் வாழும் நிலத்தில் அடர்காட்டின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 56 சதவீதமாக, அதாவது இரண்டு மடங்காக உயர்ந்தது. கூடுதலாக வந்த காட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் ஈரமான சவன்னாக்கள் இருக்கும் இடத்தில் வந்தது. காடாக மாறப் போதுமான மழை பெய்தும் அந்த நிலங்கள் காடாகவில்லை என்றால், வேறு ஏதோ ஒன்று அவற்றைத் திறந்தவெளியாக வைத்திருக்கிறது. பாண்டும் ஜான் கீலியும் அதே ஆண்டு எழுதிய இன்னொரு கட்டுரையில் தீயைத் தாவர உண்ணியாகவே பார்க்கச் சொன்னார்கள். மானும் மாடும் தொடாத காய்ந்த, சத்தில்லாத புல்லையும் கட்டையையும் தீ தின்றுவிடுகிறது.

அதே 2005-இல் சங்கரனின் குழு ஆப்பிரிக்காவின் 854 இடங்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மரங்களின் அளவை மழையே கட்டுப்படுத்துகிறது. அதற்கு மேலே மழை பெய்தால் மரங்கள் நெருங்கிக் கூடிவிட முடியும். தீயும் மேய்ச்சலும்தான் அதைத் தடுக்கின்றன. 2011-இல் கார்லா ஸ்டேவர், சாலி ஆர்ச்சிபால்ட், சைமன் லெவின் மூவரும் உலக அளவில் பார்த்தபோது, 1000 முதல் 2500 மில்லிமீட்டர் வரை மழை பெய்து, வறண்ட மாதங்கள் மிக நீளமாக இல்லாத இடங்களில் காடும் சவன்னாவும் இரண்டுமே சாத்தியம் என்று தெரிந்தது. எது அமையும் என்பதைத் தீர்மானிப்பது தீ.

சரி, தீ இதை எப்படிச் செய்கிறது? ஒரு இளமரத்தின் நிலையிலிருந்து பார்த்தால் புரியும். மழைக்காலத்தில் முளைவிட்டு இடுப்பளவு வளர்கிறது. வறட்சிக்காலத்தில் சுற்றியுள்ள புல் காய்ந்து, மின்னலாலோ மனிதராலோ தீ பிடிக்கிறது. புல் தீ வேகமாக ஓடிவிடும். உயரமும் அதிகம் இருக்காது. ஆனால் இளமரத்தின் தண்டு முழுவதும் அந்த உயரத்துக்குள்தான் இருக்கிறது. தரைக்கு மேலே உள்ளது கருகுகிறது, வேர் பிழைக்கிறது. அடுத்த மழைக்கு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. இப்படிப் பல ஆண்டுகள் முழங்கால் உயரத்திலேயே காலம் தள்ளும் மரங்கள் உண்டு. இரண்டு தீக்கு இடையில் போதிய இடைவெளி கிடைத்து, தலை தீயின் எட்டலுக்கு மேலே போய்விட்டால் தப்பித்தது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் 1954 முதல் நடந்துவரும் பரிசோதனையில் சில துண்டு நிலங்களை ஆண்டுதோறும் எரிக்கிறார்கள், சிலவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சிலவற்றை எரிப்பதே இல்லை. நாற்பது ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, மரங்களின் எண்ணிக்கையில் தீயால் பெரிய மாற்றம் தெரியவில்லை. அளவுதான் மாறியிருந்தது. எரிந்த இடத்தில் குள்ள மரங்கள், எரியாத இடத்தில் பெரிய மரங்கள்.

இந்த வாழ்க்கைக்குப் பழகிய தாவரங்கள் தங்கள் உடம்பின் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைத்துக்கொண்டன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1976-இல் தாவரவியலாளர் ஃபிராங்க் வைட் ஆப்பிரிக்காவின் நிலத்தடிக் காடுகளைப் பற்றி எழுதினார். மேலே பார்த்தால் கணுக்கால் உயரத்தில் சில இலைகள், கொஞ்சம் பூ. தோண்டினால் அடியில் தடித்த மரக்கட்டை, கிளை கிளையாகப் பிரிந்து பக்கவாட்டில் ஓடுகிறது. அதன் நெருங்கிய உறவினர்கள் பக்கத்துக் காட்டில் ஓங்கி வளர்ந்த மரங்கள். இதுவும் மரமேதான், தண்டையும் மொட்டுகளையும் தீ எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான். பிரேசிலின் செராடோ சவன்னாவில் ஜகரண்டா இனத்திலேயே இப்படி ஒரு தரையடி மரம் இருக்கிறது. தெருவோரத்தில் ஊதாப் பூவைக் கொட்டும் ஜகரண்டா மரத்தின் உறவு. அந்தத் தரையடி மரம் ஒன்று இருபது மீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டமாகப் பரவியிருந்தது. அதன் வயது சுமார் 3800 ஆண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் தென்கிழக்கில் நீள் இலைப் பைன் சவன்னாக்கள் உண்டு. ஒரு காலத்தில் அவை சுமார் 3.7 கோடி ஹெக்டேரில் பரவியிருந்தன. இன்று அதில் சிறு பங்குதான் மிச்சம். அந்தப் பைன் மரத்தின் நாற்று முதல் சில ஆண்டுகளுக்குப் பார்ப்பதற்குப் புல் கொத்து மாதிரியே இருக்கும். நீண்ட ஊசியிலைகள் நடுமொட்டைச் சுற்றி மூடிக்கொண்டிருக்கும், தீ வந்தால் இலை மட்டும் கருகும். அதற்குள் ஆணிவேர் கீழே இறங்கிச் சத்தைச் சேர்த்துவிடும். அப்புறம் ஒரு கட்டத்தில் தண்டு விறுவிறுவென்று மேலே எழும்பும். அதன் அடியில் வளரும் கம்பிப்புல், வளரும் பருவத்தில் தீ பட்டால்தான் நன்றாகப் பூக்கும். ஈயைப் பிடித்துத் தின்னும் வீனஸ் பூச்சிப்பொறித் தாவரத்தின் சொந்த ஊரும் கரோலினா மாநிலங்களில் உள்ள இந்தச் சவன்னாக்கள்தான். தீயை அடக்கினால் புதர் ஏறி நிழல் விழுகிறது, அது செத்துப்போகிறது. நல்ல நிலையில் இருக்கும் இடங்களில் ஒரு சதுர மீட்டருக்கு நாற்பது வகைக்கு மேல் தாவரங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு நுணுக்கமான உடலமைப்பு ஓரிரு நூற்றாண்டில் உருவாகாது. வெப்பமண்டலப் புற்கள் பெரும் பரப்பில் பரவத் தொடங்கியது ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன். செராடோவின் தீ தாங்கும் தாவரக் குலங்கள் எப்போது பிரிந்தன என்று மரபணுவை வைத்துக் கணக்கிட்ட 2009 ஆய்வு ஒன்று, பெரும்பாலானவை கடந்த 40 லட்சம் ஆண்டுகளுக்குள், அந்தப் புற்களின் எழுச்சியோடு ஒட்டியே உருவானவை என்று கண்டது. மனிதன் அமெரிக்கக் கண்டங்களில் காலடி வைத்தது அதற்கு மிகமிகப் பிந்தி. மடகாஸ்கரைப் பற்றியும் நீண்ட காலம் ஒரு கதை சொல்லப்பட்டது. தீவு முழுக்கக் காடாக இருந்ததாம், குடியேறிய மக்கள் எரித்துப் புல்லாக்கிவிட்டார்களாம். ஆனால் அங்குள்ள புல்வகைகளில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் உலகில் வேறெங்கும் இல்லாதவை. மனிதர் வந்த சில ஆயிரம் ஆண்டுகளில் அத்தனை புதிய இனங்கள் உருவாகியிருக்க முடியாது. மக்கள் காட்டை எரிக்கவே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. எரித்த இடங்களும் உண்டு. ஆனால் புல்வெளி அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தது.

தீயை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இப்போது எண்களாகவே பார்க்க முடிகிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் உள்ள சான்டா பார்பரா காப்பிடத்தில் பல பத்தாண்டுகள் தீ தடுக்கப்பட்டது. ரொடால்ஃபோ அப்ரியூ, வில்லியம் ஹாஃப்மன், ஜிசெல்டா டூரிகன் உள்ளிட்டோர் 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1986-க்குப் பின் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 1.2 டன் கார்பன் கூடியிருந்தது. கார்பன் கணக்கை மட்டும் பார்த்தால் வெற்றிதான். ஆனால் தாவர வகைகள் 27 சதவீதமும் எறும்பு வகைகள் 35 சதவீதமும் குறைந்திருந்தன. சவன்னாவில் மட்டுமே வாழும் இனங்களைத் தனியாக எடுத்தால் இழப்பு இன்னும் கொடியது. முழுக்கக் காடாக மூடிவிட்ட இடங்களில் அத்தகைய தாவரங்களில் 67 சதவீதமும் எறும்புகளில் 86 சதவீதமும் போய்விட்டன. ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை, மண் உழப்படவில்லை. பாதுகாக்கிறோம் என்ற பெயரில் நடந்த இழப்பு அது.

அப்படியே போனாலும் பிறகு திருப்பிக்கொண்டு வரலாமே என்று கேட்கலாம். ஜோசஃப் வெல்ட்மனும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் முதுகாடு என்று சொல்வதைப் போல முதுபுல்வெளி என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதன் வயதை மரத்தின் பருமனில் பார்க்க முடியாது. நிலத்தடி உறுப்புகளிலும், மெதுவாக வந்துசேரும் தாவரங்களிலும் பார்க்க வேண்டும். 2020-இல் ஆஷிஷ் நெர்லேகரும் வெல்ட்மனும் ஆறு கண்டங்களிலிருந்து 31 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். உழுதோ மரத்தோட்டம் போட்டோ அழித்தபின் மீண்டும் வளர்ந்த புல்வெளிகளில், பழையவற்றைவிடத் தாவர வகைகள் 37 சதவீதம் குறைவு. பழைய எண்ணிக்கையை எட்டக் குறைந்தது ஒரு நூற்றாண்டு, பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். சராசரிக் கணிப்பு 1400 ஆண்டு. எண்ணிக்கை கூடும்போதும், நீண்ட காலம் வாழும் பல்லாண்டுத் தாவரங்கள் வந்து சேர்வதில்லை. தென்னாப்பிரிக்காவின் செயின்ட் லூசியா பகுதியில் பைன் தோட்டங்களை அகற்றியபின் பாண்டும் நிக்கலஸ் சலூமிஸும் பார்த்ததும் இதே: தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளி, குனிந்து தேடினால் நிலத்தடிக் கிழங்குள்ள பூச்செடிகள் காணோம். ஒரு மரத்தோட்டத்தின் ஆயுள் சில பத்தாண்டுகள். அதற்காக ஆயிரம் ஆண்டுக் கடனை வாங்குவது நியாயமான பேரம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அந்தப் பேரம்தான் பெரிய அளவில் நடக்கிறது. அதற்கு விதிகளே வழிவிடுகின்றன. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் ஐந்து மீட்டர் உயரும் மரங்கள் பத்து சதவீதத்துக்கு மேல் நிழல் போட்டாலே அது காடு. இந்த அளவுகோலில் பல சவன்னாக்கள் காடாகிவிடும், அதுவும் மரம் குறைந்துபோன காடாக. 2019-இல் ஒரு பிரபலமான ஆய்வு, உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேர் மரப்பரப்பை உருவாக்கி 205 கிகா டன் (20,500 கோடி டன்) கார்பனைச் சேமிக்கலாம் என்றது. உலகெங்கும் செய்தியானது. அந்த மதிப்பீடு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் என்று வெல்ட்மனும் பலரும் அதே ஆண்டு மறுப்பு எழுதினார்கள். புல்வெளி மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கும் கார்பனை அந்த ஆய்வு சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. திறந்தவெளிச் சவன்னாக்களையும் நடவுக்கு உகந்த இடமாகச் சேர்த்திருந்தது. ஆப்பிரிக்காவில் 2030-க்குள் 10 கோடி ஹெக்டேரைச் சீரமைக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. கேட் பார், மரிஸ்கா டே பீஸ்ட், நிக்கோலா ஸ்டீவன்ஸ் ஆகியோர் 2024-இல் அதை ஆராய்ந்தபோது, மரம் நடும் திட்டங்களில் பாதிக்கு மேல் சவன்னாக்களில் நடப்பதும், ஏறக்குறைய அறுபது சதவீதம் அந்நிய மரங்களைப் பயன்படுத்துவதும் தெரியவந்தது.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. ராபர்ட் ஜாக்சன் தலைமையிலான குழு 2005-இல் காட்டியபடி, புல்வெளியிலும் புதர்வெளியிலும் மரத்தோட்டம் போட்டால் ஓடைகளின் நீர் சராசரியாக 52 சதவீதம் குறைகிறது. 13 சதவீத ஓடைகள் குறைந்தது ஓராண்டாவது முழுக்க வற்றிவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழனி மலைப்பகுதியில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் மாறிப்போனதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மரம் நடுவதே தவறு என்று இந்த ஆய்வாளர்கள் யாரும் சொல்லவில்லை. அமேசான் காட்டை வெட்டி, அந்நியப் புல்லை விதைத்து உண்டாக்கிய மேய்ச்சல் நிலம் முதுபுல்வெளி ஆகிவிடாது. அங்கே காடு திரும்ப வேண்டியதுதான். இரண்டையும் களத்தில் பிரித்துப் பார்க்க வழிகள் உண்டு. காட்டை அழித்து வந்த புல்லில் வகைகள் குறைவு. ஓரிரு புல் மட்டுமே மண்டியிருக்கும், தோண்டினால் வெட்டிய மரங்களின் வேர்தான் கிடைக்கும். பழைய புல்வெளியில் கிழங்கும் கட்டையும் உள்ள செடிகள் நிறைய. தீ பட்ட சில நாட்களிலேயே கருகிய தரையிலிருந்து பூக்களாக எழும்பும் இனங்கள் இருக்கும். அங்கு மட்டுமே வாழும் உயிர்கள் இருக்கும். பழைய மண்ணில் புதைந்த கரித்துகளும் புல்லின் நுண்துகள்களும் சாட்சி சொல்லும். இதையெல்லாம் பார்க்கக் கொஞ்சம் நாள் பிடிக்கும், தாவரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரிந்தவர் வேண்டும். செயற்கைக்கோள் வரைபடத்தில் மரம் குறைவு என்று காட்டும் இடத்தையெல்லாம் நடவுக்குக் குறித்துக்கொடுப்பது சுலபம் என்பதால்தான் அது நடக்கிறது.

எல்லாத் தீயும் நல்லது என்றும் அர்த்தம் இல்லை. மழைக்காட்டுக்குள் புகும் தீ பேரழிவு. சவன்னாவிலும் எந்த மாதம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எவ்வளவு சூடாக எரிகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். பிரேசில் பல பத்தாண்டுகள் தீயை முற்றாகத் தடுக்கப் பார்த்துவிட்டு, திட்டமிட்டு எரிப்பதையும் உள்ளடக்கிய தேசியத் தீ மேலாண்மைக் கொள்கையை 2024 ஜூலையில் சட்டமாக்கியது. நல்ல மாற்றம். உலக அளவில் பார்த்தால் போக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. 1998 முதல் 2015 வரை ஆண்டுதோறும் எரியும் நிலப்பரப்பு ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிட்டது. சவன்னாக்கள் வயல்களாக மாறியதும், நிலம் துண்டு துண்டானதும் முக்கியக் காரணங்கள்.

தீயின் வேலையை விலங்குகளும் பகிர்ந்துகொள்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி சவன்னாவில், ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய் 1960-களில் கட்டுக்குள் வந்தபின், சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்னும் மேயும் விலங்குகள் பத்து லட்சத்தைத் தாண்டின. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் எரியும் பரப்பு சுருங்கியது, மரங்கள் கூடின. ஒரு கால்நடை நோய்க்குத் தடுப்பூசி போட்டது ஒரு நிலத்தின் தோற்றத்தையே மாற்றிவிட்டது.

இதற்கு மேல் ஒரு புதிய காரணி சேர்ந்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பாண்டும் மிட்ஜ்லியும் 2000-ஆம் ஆண்டிலேயே இதன் விளைவைக் கணித்தார்கள்: தீயில் கருகிய இளமரத்துக்கு மறுபடி துளிர்க்க வேரில் மாவுச்சத்துச் சேமிப்பு வேண்டும், கரியமில வாயு கூடக்கூட அந்தச் சேமிப்பு சீக்கிரம் நிரம்பும், மரம் இரண்டு தீக்கு இடையிலேயே தப்பிவிடும். வேலமரக் கன்றுகளைப் பனியுகக் காலத்து அளவு முதல் எதிர்கால அளவு வரை வெவ்வேறு கரியமில வாயு அளவுகளில் வளர்த்துப் பார்த்தபோது, வேரின் சேமிப்பும் வளர்ச்சியும் அப்படியே கூடின. ஐம்பது ஆண்டுக்கு முன் போதுமானதாக இருந்த தீ இன்று போதாமல் போகிறது. அதனால் க்ரூகர் பூங்காவில் வழக்கத்தைவிடச் சூடான தீயை மூட்டிப் பார்க்கிறார்கள். முதல் முறை எரித்ததும் மரப்பரப்பு குறைகிறது. சில ஆண்டுகளில் வேரிலிருந்து துளிர்த்துப் பெருமளவு திரும்பிவிடுகிறது. எத்தனை முறை, எந்த இடைவெளியில் எரித்தால், யானையின் மேய்ச்சலும் சேர்ந்து, புல்லுக்கு மறுபடி வெயில் கிடைக்கும் என்பதுதான் இப்போது அங்கே நடக்கும் வேலை.